ஐந்தில் ஒன்று

அமெரிக்கர் வீட்டில் கலக்கும் பானங்களுள் 'ஓல்டு ஃபேஷன்டு' பெயர் பெற்றது. மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கும் போர்பன் விஸ்கி, சர்க்கரை, சிறிது தண்ணீர், கசப்புச் சாறு சில துளிகள், இவ்வளவே. 1806-இல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று 'காக்டெயில்' என்னும் சொல்லை விளக்கியபோதும் சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்பு என்று இந்த நான்கையே கூறியது.

நெய்யூரில் பனையடியில் வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். காக்டெயிலுக்கு மூத்த கலவை ஒன்று நம் நாட்டில் தோன்றியது. அதன் பெயர் 'பஞ்ச்'. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், நறுமணச் சரக்கு ஆகிய ஐந்தும் சேர்ந்ததால், ஐந்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பது பரவலான கருத்து. பழவேற்காட்டுக்கு வடக்கே ஆர்மகானில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. அங்கிருந்து 1632-இல் எழுதப்பட்ட கடிதம் ஒன்றில் இச்சொல் காணப்படுகிறது.

ஐந்தில் சாராயத்தை நீக்கிப் பாருங்கள். எஞ்சுவது நம் பானகமே அன்றோ! அந்த ஒன்று எப்படி உண்டாகிறது?

பாளையைச் சீவினால் வடியும் பனஞ்சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு சர்க்கரை உண்டு. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், அச்சர்க்கரையை ஏறத்தாழப் பாதி சாராயமாகவும் பாதி கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. ஆகவே கள்ளில் நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் சாராயம் இருப்பது அரிது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினாலோ சாறு காரத்தன்மை பெறும்; ஈஸ்ட் முடங்கும். அதுவே பதனீர், நம் வட்டார வழக்கில் அக்கானி. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரே மரம், ஒரே சாறு. விரலளவு சுண்ணாம்பு இரண்டையும் பிரிக்கிறது!

கள்ளைவிடக் கடுமையான சாராயம் வேண்டுமாயின் வடித்தல் வேண்டும். தண்ணீர் 100° செ. வெப்பநிலையிலும், எத்தில் ஆல்கஹால் 78° செ. அளவிலும் கொதிக்கின்றன. ஆதலால் முதலில் எழும் ஆவியில் ஆல்கஹால் மிகுந்திருக்கும். அதைக் குளிர்வித்தால் சாராயம். போர்பனும் பனஞ்சாராயமும் இந்த ஒரே விதியின் பிள்ளைகள்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. 65° செ. அளவில் கொதிக்கும் மெத்தில் ஆல்கஹால், தோற்றத்திலும் மணத்திலும் எத்தில் ஆல்கஹாலை ஒத்தது. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தில் ஆல்கஹால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாவும் மூக்கும் அங்கே சோதனைக் கருவிகளாக உதவவில்லை.

எனவே வீட்டில் செய்ய உகந்தது நான்கின் கலவையே. 100 கிராம் கருப்பட்டியை முக்கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். ஓர் எலுமிச்சையின் சாறு, அரைக் கரண்டி சுக்குப்பொடி, பொடித்த ஏலக்காய் இரண்டு சேருங்கள். மண்பானையில் வைத்தால், பானைச் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும்; பனிக்கட்டி இல்லாமலே பானகம் குளிரும்.

பஞ்சின் சுவையில் பெரும்பகுதி இதிலேயே இருக்கிறது. பனையேறிக்கும் கருப்பட்டி காய்ச்சுபவர்க்கும் இதனால் பிழைப்பும் உண்டு.