பிரெஞ்சு மணக் குப்பிகள்

வெட்டிவேர் என்பது தூய தமிழ்ச் சொல். இச்சொல்லைப் பிரெஞ்சு மக்கள் 'வெத்திவேர்' என்று தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். அவர்கள் வாயிலாக அது ஆங்கிலத்திற்கும் சென்றது. 1959ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கெர்லேன் நிறுவனத்தார் புதிய நறுமண நீர் ஒன்றை வெளியிட்டபோது அதற்கு வேறு பெயர் தேடவில்லை. அவ்வேரின் பெயரையே குப்பியின்மேல் அச்சிட்டனர். கோடையில் நாம் பானைத் தண்ணீரில் முடிந்து போடும் வேரின் பெயர் பாரிஸ் மாநகரின் கடைத்தெருவில் கண்ணாடியின்மேல் நின்றது, இன்றும் நிற்கின்றது.

பழைய பிரெஞ்சு மணக் குப்பிகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். கண்ணாடியின் தெளிவையும் மூடியின் அமைப்பையும் அடிப்புற முத்திரையையும் அவர்கள் நுணுகி ஆராய்கின்றனர். குப்பிக்குள் இருந்த மணம் எந்த மண்ணில் விளைந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. பாலக்காட்டுக் கணவாய் ஒரு பக்கமும் மறையூர் மலை ஒரு பக்கமுமாக எல்லைப்புறத்தில் குடியேறி வாழும் நமக்கு அக்கேள்வி மிகவும் உரியது. (சீசா என்றும் புட்டி என்றும் தமிழ்நாட்டில் வழங்குவதை இங்கே நாம் மலையாளத்தாரோடு சேர்ந்து குப்பி என்போம். அப்படியே இங்கும் எழுதுகின்றோம்.)

பிரெஞ்சுக்காரர் 1674ஆம் ஆண்டில் புதுச்சேரியில் காலூன்றினர், 1954இல் நீங்கினர். ஏறத்தாழ 280 ஆண்டுகள் அவர்கள் தமிழரோடு பழகினர். ஆயினும் அவர்கள்தாம் இந்நாட்டிற்குக் கண்ணாடியைக் காட்டினர் என்று எவரும் எண்ணவேண்டா. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது வெளிப்பட்ட கண்ணாடி மணிகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அக்கலை இங்கு வளர்ந்திருந்ததற்குச் சான்றாகும்.

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரியூனியன் தீவிற்குக் கப்பலேற்றப்பட்டனர். கரும்புத் தோட்டங்களே அவர்கள் சென்று உழைத்த இடம். 1860ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதற்கென ஓர் உடன்படிக்கையே செய்துகொண்டனர். தொழிலாளர் பட்ட துன்பம் வெளிப்பட்டதனால் 1882இல் அவ்வனுப்புதல் நிறுத்தப்பட்டது. அதே தீவில் பின்னர் வெட்டிவேரும் பயிராயிற்று. அங்கே வடித்த தைலம் 'பூர்போன் வெட்டிவேர்' என்ற பெயரோடு பாரிஸ் நகரத்து மணத் தொழிலாளரிடம் பெருமதிப்புப் பெற்றது. தோட்ட வேலைக்கு மலையேறி வந்தோரின் வழியில் வந்த நம் குடும்பங்கள் பலவற்றிற்கு, தமிழர் தம் சொல்லோடு கடல் கடந்த அந்த வரலாறு எளிதில் விளங்கும்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். மறையூர், சின்னார்ப் பக்கங்களில் மலைச்சரிவெங்கும் வளரும் புல்லை எலுமிச்சம்புல் என்றும் இஞ்சிப்புல் என்றும் சொல்வோம். மலைவாழ் மக்கள் அதனை அறுத்துப் பெருங்கலத்திலிட்டு, விறகெரித்து, ஆவியாக்கித் தைலம் வடிப்பர். திருவிதாங்கூர் மலைகளில் வடித்த இத்தைலம் கொச்சித் துறைமுகத்தின் வழியே ஏற்றுமதியாயிற்று; ஆதலின் ஐரோப்பிய வணிகர் அதனைக் 'கொச்சித் தைலம்' என்றே அழைத்தனர். அதில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சிட்ரால் என்னும் பொருள் உள்ளது. 1893ஆம் ஆண்டில் தீமன், க்ரூகர் என்னும் செருமானிய வேதியியலார் இருவர் அந்தச் சிட்ராலிலிருந்து ஐயோனோன் என்பதனை ஆக்கினர். அதன் மணம் வயலட் மலரின் மணம். அதற்கு முன்னர் வயலட் மலரிலிருந்து தைலம் எடுப்பதற்கு அளவிலாப் பொருள் செலவாயிற்று. செல்வச் சீமாட்டிகளே அதனைப் பூசினர். ஐயோனோன் வந்தபின் வயலட் மணம் கடைதோறும் விலைக்கு வந்தது. மலரின் படத்தை ஒட்டிய அந்தக் குப்பிகளுக்குப் பின்னால் கொச்சி வழியே சென்ற புல் தைலம் இருந்தது என்பதனை எத்தனைபேர் அறிவர்!

சந்தனத்தின் கதையும் இதனைப் போன்றதே. பிரெஞ்சு மணத் தொழிலாளர் போற்றியது மைசூர்ச் சந்தனத் தைலம். முதல் உலகப் போருக்கு முன்னர் மரம் இங்கிருந்து சென்றது; தைலம் ஐரோப்பாவில் வடிக்கப்பட்டது. போர் அவ்வழியை அடைக்கவே, 1916இல் மைசூர் அரசு தானே தைலம் வடிக்கத் தலைப்பட்டது. மறையூர்க் காட்டில் இயற்கையாக வளர்ந்து நிற்பதும் அதே இன மரந்தான்.

இவ்வளவும் உள்ளே இருந்ததைப் பற்றி. வெளியே இருந்த குப்பி பிரெஞ்சுக்காரர் கைவண்ணம். அதனைக் குறைத்துச் சொல்லுதல் நேர்மையாகாது. பக்கரா என்னும் ஊரில் 1764இல் பதினைந்தாம் லூயி மன்னன் இசைவோடு கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. நார்மண்டி எல்லையில் பிரெல் ஆற்றுப் பள்ளத்தாக்கு நெடுங்காலமாகக் குப்பிகளுக்குப் பேர்போனது. 1853ஆம் ஆண்டில் பேரரசி யூஜீனிக்கென்று கெர்லேன் நிறுவனத்தார் செய்வித்த குப்பியில் அரச சின்னமான தேனீக்கள் புடைத்து நிற்கும். ஆயினும், அக்காலத்தில் மணநீரைப் பெரும்பாலும் எளிய மருந்துக் குப்பிகளிலேயே விற்றனர். வாங்கியோர் வீட்டிலுள்ள அழகிய குப்பியில் ஊற்றிக்கொண்டனர். கோத்தி என்னும் வணிகரும் லாலிக் என்னும் நகைக் கலைஞரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைகோத்தபின்புதான், ஒவ்வொரு மணத்திற்கும் தனக்கென ஒரு குப்பி என்னும் வழக்கம் வேரூன்றியது. 1925இல் வந்த 'ஷாலிமார்' மணத்திற்குப் பக்கரா செய்த குப்பி நீல விசிறி போன்ற மூடியுடையது. பெயரோ மொகலாயர் அமைத்த தோட்டத்தின் பெயர்.

பழங்குப்பி ஒன்று கையில் கிடைத்தால் அதனை எவ்வாறு அறிவது? முதலில் பக்கத்திலுள்ள அச்சுக் கோட்டைப் பார்க்க வேண்டும். அக்கோடு கழுத்தளவில் நின்றுவிடுமாயின் வாய் விளிம்பு கையால் முடிக்கப்பட்டது. விளிம்பின் உச்சிவரை ஏறுமாயின் பெரும்பாலும் இயந்திரத்தில் வார்த்தது, இருபதாம் நூற்றாண்டினது. அடுத்து மூடி. நல்ல பழங்குப்பிகளில் கண்ணாடி மூடியையும் கழுத்தையும் ஒன்றோடொன்று பொருந்தத் தேய்த்திருப்பர். மூடி மாறிப் போகாதிருக்க இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறிப்பதும் உண்டு. எண் வேறுபட்டால் மூடி வேறு குப்பியினது. வாயின்மேல் மெல்லிய சவ்வும் அதனைச் சுற்றிய நூலும் குலையாமல் இருப்பின் அக்குப்பி இன்னும் திறக்கப்படவில்லை. சேர்ப்போர் அதற்கு மிக்க விலை தருவர்.

எழுத்துகளும் காலம் சொல்லும். இறக்குமதிப் பொருளின்மேல் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று 1890இல் அமெரிக்கா சட்டமியற்றியது. அதன்பின்னரே 'பிரான்ஸ்' என்னும் சொல் குப்பிகளில் பரவலாயிற்று. லாலிக்கின் குப்பியில் 'ஆர். லாலிக்' என்றிருந்தால் அது பெரும்பாலும் 1945க்கு முற்பட்டது. அவ்வாண்டில் அவர் மறைந்தபின் முதலெழுத்தை விட்டுவிட்டனர். பக்கராவில் அமிலத்தால் முத்திரை பொறிப்பது 1936 முதல் உறுதியான வழக்கமாயிற்று. அதற்கு முன் பெரும்பாலும் காகிதச் சீட்டே. ஆனால் பெயரை மட்டும் நம்பிப் பொருள் கொடுப்பது பேதைமை. லாலிக் பெயரைப் பொய்யாகப் பொறித்தோர் உண்டு. செக் நாட்டுக் குப்பிகளையும் பிரெஞ்சுக் குப்பிகள் என்று விற்றோர் உண்டு. கண்ணாடியின் கனமும் வேலையின் நேர்த்தியும் பெயரோடு ஒத்து வருகின்றனவா என்று பார்ப்பதே முறை.

நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கக்கூடியது நீலக் குப்பி. பூர்ஷ்வா நிறுவனத்தார் 1928இல் வெளியிட்ட 'ஈவினிங் இன் பாரிஸ்' நம் பாட்டிமார் காலத்தில் கலியாணப் பெட்டிகளில் இடம்பெற்ற மணம். அதன் நீலம் கண்ணாடியில் கலந்த கோபால்ட்டால் வந்தது. அதனைப் பிரெஞ்சுக் குப்பி என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்தல் கூடாது. பிரான்ஸில் விற்றதன்மேல் 'சுவார் த பாரி' என்று பிரெஞ்சில் இருக்கும். ஆங்கிலப் பெயர் தாங்கியவை ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்கானவை. அவற்றின் சீட்டில் லண்டன் என்றோ நியூயார்க் என்றோ கண்டால் வியப்பில்லை. அதனால் அதன் அருமை நமக்குக் குறைந்துவிடாது. அதனை வாங்கி வந்தவர் யார், எந்தத் திருமணத்திற்கு வந்தது, எந்த எஸ்டேட்டிலிருந்து எந்தக் காலனிக்கு அது பெட்டியோடு பயணம் செய்தது என்பவை எந்த விலைப் பட்டியலிலும் இல்லாதவை. வீடு மாறும்போது பழைய சாமான் கடைக்கு நிறுத்துப் போடப்படும் கண்ணாடியோடு அவ்வரலாறும் போய்விடுகின்றது. வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குப்பியோடு வைத்தல் நலம்.

கழுவும் ஆசை கொண்டோர்க்கு ஒரு சொல். சீட்டு ஒட்டிய குப்பியைத் தண்ணீரில் அமிழ்த்தலாகாது. இறுகிய மூடியைத் திருகவும் கூடாது. வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விண்டுவிடும். மூடியும் கழுத்தும் சேருமிடத்தில் இரண்டு துளி எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுவைத்து, மெல்ல அசைத்துப் பார்க்கலாம். திறந்தபின் அடியில் பழுப்பாக உலர்ந்திருக்கும் கறையைச் சுரண்டாமல் முகர்ந்து பாருங்கள். எலுமிச்சையும் மலரும் போன்ற இலகுவான மணங்கள் முதலில் பறந்துவிடும். நெடுங்காலம் தங்குபவை சந்தனம், வெட்டிவேர் போன்ற கனத்த மணங்களே.