பருவக் கணிப்பும் கழகத்தின் ஆயுளும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க வருவோர் காயின் நிறத்தையும் பருமனையும் உலர்ச்சியையும் பார்த்து விலை சொல்வர். மலைமேல் தோட்டம் வைத்திருப்போரின் பார்வை வேறு. கோடை மழை பெய்ததா, நிழல் மரங்கள் நிற்கின்றனவா, செடியின் தூர் அழுகாமல் இருக்கிறதா என்றே அவர்கள் கேட்பர். 2018 ஆகஸ்டில் இடுக்கி மலைகளில் பெருமழையும் மண்சரிவும் நேர்ந்தன. மறு ஆண்டு ஆகஸ்டில் ஏலக்காயின் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. விற்பதற்குக் காய் மிஞ்சியிருந்தவருக்கே அவ்விலை பயன்பட்டது.

கால்பந்துப் பருவம் தொடங்குமுன் எழுதப்படும் கணிப்புகள் பெரும்பாலும் வாங்குவோரின் பார்வையில் அமைந்தவை. யார் புதிதாக வந்திருக்கிறார், முன்வரிசையில் யார் ஆடுவார், அணி எத்தனையாவது இடம் பெறும் என்பனவே அவற்றின் கேள்விகள். போடிக்கு அண்மையிலுள்ள மதுரையின் மகளிர் கழகமான சேது எஃப்.சி.யின் வரும் பருவத்தைப் பற்றி எண்ணும்போது, தோட்டக்காரரின் கேள்விகளையும் நாம் கேட்டாக வேண்டும். தமிழகக் கால்பந்தின் அண்மை வரலாறு அதற்குக் காரணமாகிறது.

இம்மலைகளுக்குக் கால்பந்து புதியதன்று. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சென்ற காலமொன்று இருந்தது. மலைமேல் ஓடிய குண்டளை ரயில் பாதை 1924 வெள்ளத்தில் அழிந்தது. போடிக்கு ரயில் 1928இல் வந்தது. பின்லே நிறுவனத்தின் பெயரால் அமைந்த கேடயத்திற்காக, மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் அணிகள் பல பத்தாண்டுகள் ஆடிவந்தன. ஆடியவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவ்வணிகள் நிலைத்ததற்குக் காரணம் எளியது: திடல் அருகில் இருந்தது, ஆடுவோருக்கு வேலை இருந்தது, பார்ப்போர் அதே லயங்களில் குடியிருந்தனர்.

இவை இல்லாதவிடத்து வெற்றியும் காப்பாற்றுவதில்லை. சென்னை சிட்டி எஃப்.சி. 2017இல் ஐ-லீக்கில் நுழைந்து, முதலிரு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே இருந்தது. 2018-19 பருவத்தில் அதனைக் கோப்பைக்குரிய அணியாகக் கருதியோர் மிகச் சிலர். சிங்கப்பூர்ப் பயிற்றுநர் அக்பர் நவாஸின் கீழ், பெத்ரோ மன்சியின் 21 கோல்களின் துணையோடு, கோவையைத் தாய்த்திடலாகக் கொண்டு அது 43 புள்ளிகள் ஈட்டியது. ஈஸ்ட் பெங்கால் பெற்றவை 42. கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று கோப்பையைக் கைக்கொண்டது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதில் பங்கு வாங்கியது. ஆனால் 2021-22 பருவத்திற்கு முன், உரிம விதிகளை நிறைவேற்றாத காரணத்தால் அது லீக்கிலிருந்து விலக்கப்பட்டது. மகுடம் சூடி மூன்றாண்டு முடியுமுன் களத்தில் அதற்கு இடமில்லை.

சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2017-18இலும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. அந்த லீக்கின் வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்த நிலையில், அடுத்த பருவத்தை நிறுத்தி வைப்பதாக 2025 ஜூலையில் அமைப்பாளர்கள் அறிவித்தனர். ஒரு கழகம் தன்னளவில் ஒழுங்காக இருந்தாலும், அது ஆட வேண்டிய லீக்கே ஐயத்திற்குள்ளாகலாம் என்பதை அவ்வறிவிப்பு காட்டியது.

இப்பின்னணியில் சேதுவின் வரலாறு நம்பிக்கை தருவது. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைப் பெற்றது. 2022இல் புவனேசுவரத்தில், கோப்பையை முடிவு செய்த ஆட்டத்தில் கோகுலம் கேரளத்திடம் 1-3 எனத் தோற்று இரண்டாமிடம் பெற்றது. இதற்கு வேராக இருப்பது தமிழக மகளிர் கால்பந்தின் வளர்ச்சி. தேசிய மகளிர் கோப்பையைத் தமிழ்நாடு 2018இல் முதன்முறையாக வென்றது. 2023இல் மீண்டும் வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன் போன்றோர் சிற்றூர்த் திடல்களிலிருந்து இந்திய அணிவரை சென்றவர்கள். தூர் நலமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும் நிழல் மரங்களைப் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. மகளிர் லீக் நெடுங்காலம் ஒரே ஊரில் சில வாரங்களில் நடந்து முடியும் போட்டியாகவே இருந்தது. தாய்த்திடலிலும் எதிரணித் திடலிலும் ஆடும் முறை 2023-24இல்தான் வந்தது. சில வார ஆட்டத்தை நம்பி ஒரு பெண் ஆண்டு முழுதும் பயிற்சி செய்வது அரிது. போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு கடந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களின் மகள்களுக்குக் கால்பந்து ஒரு பிழைப்பாகத் தோன்ற வேண்டுமாயின், ஊதியம் மாதந்தோறும் வர வேண்டும். சென்று பார்க்கக்கூடிய தொலைவில் திடல் இருக்க வேண்டும்.

அகலப்பாதைப் பணிக்காக 2010இன் முடிவில் நின்ற மதுரை-போடி ரயில், 2023 ஜூனில் திரும்ப வந்தது. மதுரையில் லீக் ஆட்டம் நடக்குமானால் மலையடிவாரத்துச் சிறுமி அதைக் காண வழி உண்டு. ஆகவே சேது எத்தனையாவது இடம் பெறும் என்பதைக் கணிப்பதில் நாம் காலம் செலவிடவில்லை. மதுரையில் எத்தனை ஆட்டங்கள் ஆடுகிறது, பருவம் முடிந்தபின் எத்தனை பேருக்கு ஒப்பந்தம் நீடிக்கிறது என்ற இரண்டையும் கவனித்தால், அதற்கடுத்த பருவத்தைப் பற்றியும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.