தேவாலாத் தங்கமும் தேயிலை மண்ணும்

தங்கச் சுரங்கம்னு சொன்னால் நம் எல்லோருக்கும் கோலார்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கோலாரிலே வெள்ளைக்காரக் கம்பெனிகள் வேலையைத் தொடங்கிய அதே சமயத்தில், நம் நீலகிரி மாவட்டத்தின் மேற்கு மூலையிலே, கூடலூரைத் தாண்டி தேவாலா, பந்தலூர் வட்டாரத்திலே, அதைவிடப் பெரிய ஆரவாரம் நடந்தது. மூன்று வருஷம் கூட நிலைக்கவில்லை. தங்கம் போன இடம் தெரியவில்லை. தோண்டின குழிகள் மட்டும் இன்றைக்கும் இருக்கின்றன. அந்தக் குழிகளால் இப்போதும் உயிர் போகிறது, மண்ணும் கெடுகிறது. அதனால்தான் பழைய கதையாக இருந்தாலும் இதை இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் அந்த வட்டாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊட்டி, குன்னூர் பக்கத்து நண்பர்களுக்கு அது கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். அது தென்கிழக்கு வயநாடு. 1877 மார்ச் மாதம் வரைக்கும் மலபார் ஜில்லாவோடு இருந்தது; அதற்குப் பிறகுதான் நீலகிரியோடு சேர்த்தார்கள். தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டுகிற கொட்டு உங்களுக்குத் தெரியும். நிலம் பெரும்பாலும் நிலம்பூர் கோவிலகத்து ஜன்ம நிலம். காட்டிலும் வயலிலும் பாடுபட்டவர்கள் பணியரும் குறும்பரும். பணியர்களை நிலத்தோடு சேர்த்தே விற்கிற, அடகு வைக்கிற காலம் ஒன்று இருந்தது.

தங்கத்தை வெள்ளைக்காரர்தான் கண்டுபிடித்தார்னு நினைத்துவிடக் கூடாது. அவர்கள் வருவதற்கு முன்னாலேயே மழை ஓய்ந்த பிறகு ஓடை மணலையும் மலைச்சரிவு மண்ணையும் மரத்தட்டிலே போட்டு, தண்ணீரில் அலசி, அடியிலே தங்குகிற பொடியை அந்த மக்கள் எடுத்து வந்தார்கள். பெரும் பங்கு நிலத்துக்கு உடையவருக்குப் போகும். அலசினவனுக்கு அன்றாடக் கஞ்சிக்கு வழி, அவ்வளவுதான். 1831-லேயே மலபார் கலெக்டர் இதைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறார். காய்ச்சல் பூமி, ஐரோப்பியருக்கு ஒத்துவராது என்று அப்போது விட்டுவிட்டார்கள்.

பிறகு காபி வந்தது. காட்டை அழித்து எஸ்டேட் போட்டார்கள். கொஞ்ச காலம் நன்றாகவே ஓடிற்று. 1860-களின் கடைசியில் தண்டுத் துளைப்பான் பிடித்தது. 1869-ல் இலங்கையிலே தலைகாட்டிய இலைத்துரு நோய் இங்கேயும் வந்து சேர்ந்தது. செடியில் இலை நிற்கவில்லை, காய் ஏது? துரைமார் கடனில் முழுகினார்கள். நான் ஒரு பயிர்க்காரன். என் கண்ணுக்கு இந்தத் தங்க வேட்டையே காபிச் செடியின் நோயில்தான் ஆரம்பமானது போலத் தெரிகிறது. பயிர் செழிப்பாக இருந்தால் அதன் அடியிலே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது இல்லீங்களா?

கலிபோர்னியாவில் 1848-லும் ஆஸ்திரேலியாவில் 1851-லும் தங்கம் கிடைத்து, போன பேர் சிலர் பணக்காரர் ஆன சேதி உலகம் பூராவும் பரவியிருந்தது. அந்த வேலையிலே பழகினவர்கள் வயநாட்டுக்கும் வந்து பார்த்தார்கள். மலையிலே வெங்கச்சங்கல் ஓடுகிற வரிசைகள், அதாவது வெள்ளைக்கல் நரம்புகள் இருக்கின்றன. அந்தக் கல்லுக்குள்ளேதான் தங்கம் பொடியாக ஒட்டியிருக்கிறது. 1874-ல் தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து ஆல்பா என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் இந்திய நிலவியல் துறையின் வில்லியம் கிங் வந்து பார்த்து எழுதினார். 1879-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்திலே சுரங்கத் துறையை நிர்வகித்த பிரோ ஸ்மித் என்பவரை அரசாங்கம் வரவழைத்தது. அவர் 1880-ல் கொடுத்த அறிக்கை நம்பிக்கை ஊட்டுவதாக இருந்தது.

அவ்வளவுதான், லண்டனிலே பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குள்ளே முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள். காகிதத்திலே அவற்றின் மூலதனம் 40 லட்சம் பவுனுக்கும் மேலே! பங்கு வாங்கினவர்களில் பெரும்பாலோர் வயநாடு எந்தத் திசையில் இருக்கிறதென்று அறியாதவர்கள். செத்துக்கொண்டிருந்த காபி எஸ்டேட்டுகள் தங்க நிலம் என்ற பெயரில் கொள்ளை விலைக்குக் கைமாறின. திரண்ட பணத்தில் பெரும் பகுதி நிலத்தை விற்றவர் கைக்கும், கம்பெனியைக் கூட்டி வைத்த தரகர் கைக்குமே போய்விட்டது. சுரங்கம் வெட்ட மிஞ்சியது கொஞ்சம். நம் ஊரிலே கிணறு வெட்டக் கடன் வாங்கி, பாதியைக் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று பூமியைத் திட்டுவது உண்டே, அந்த மாதிரி.

பந்தலூரில் ஓட்டல் வந்தது, தபால் தந்தி வந்தது, குதிரைப் பந்தய மைதானமே போட்டார்கள். பெரிய பெரிய இரும்பு யந்திரங்கள் மேற்குக் கடற்கரையிலே இறங்கி, நிலம்பூர்ப் பக்கமிருந்து மலைப்பாதையில் மாட்டு வண்டியில் ஏறி வந்தன. அவை என்ன யந்திரம் என்று கேட்டால், நம் வீட்டு உரலும் உலக்கையும்தான். ஒவ்வொன்றும் பல நூறு ராத்தல் கனமுள்ள இரும்பு உலக்கைகள் வரிசையாக ஏறி இறங்கிக் கல்லை மாவாக இடிக்கும். அந்த மாவைத் தண்ணீரில் கரைத்து, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேலே ஓட விடுவார்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்துக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் போக, தங்கம் நிற்கும். உலக்கையை ஓட்டுவதற்காக ஓடையை மறித்து வாய்க்கால் வெட்டினார்கள். சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் கொதிகலனுக்கு விறகுக்கும் சுற்றுவட்டாரத்து மரம் சரிந்தது.

கடைசியிலே இடித்துப் பார்த்ததில் என்ன கிடைத்தது? டன்னுக்குச் சில கிராம். பல இடத்திலே ஒரு டன் கல்லுக்கு ஒரு பவுன் எடை கூடத் தேறவில்லை. மேலாக இருந்த, மழையிலும் வெயிலிலும் மக்கிய கல்லிலேதான் தங்கம் கொஞ்சம் திரண்டிருந்தது. ஆழம் போகப் போக அது கந்தகம் கலந்த கல்லோடு பின்னிக்கொண்டு பாதரசத்துக்கு வசப்படவில்லை. சயனைடு போட்டுப் பிரிக்கிற முறைக்கு 1887-லேதான் காப்புரிமை வாங்கினார்கள். அதற்குள் இங்கே கடை கட்டியாகிவிட்டது. 1882-க்குள் ஆட்டம் அடங்கிவிட்டது. சில யந்திரங்கள் பொருத்தப்படாமலே மழையில் துருப்பிடித்தன. பிறகு 1901-ல் ஹேடன், ஹாட்ச் என்ற இரண்டு நிபுணர்கள் மறுபடியும் ஆராய்ந்து, லாபகரமாக எடுக்க வழியில்லை என்று முடிவு சொன்னார்கள்.

கோலாரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கேயும் ஆரம்பத்தில் கை நஷ்டம்தான். ஜான் டெய்லர் கம்பெனி விடாப்பிடியாகத் தோண்டியதில் நல்ல நரம்பு கிடைத்தது. மூன்று கிலோமீட்டருக்கு மேலே ஆழம் போனார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் ஏழை ஜனங்கள்தான் உள்ளே இறங்கினார்கள். 2001-ல் அதையும் மூடியாகிவிட்டது. இடித்த கல்மாவு 3 கோடி டன்னுக்கு மேலே மலை மலையாகக் குவிந்து, காற்றடித்தால் ஊர் மேலும் வயல் மேலும் பறக்கிறது. ஆகவே சுரங்கம் தோற்றாலும் ஜெயித்தாலும், பின்னால் அந்த மண்ணில் குடியிருப்பவன் தலையிலேதான் மிச்சம் விழுகிறது. தேவாலாவில் தோற்றதால் நமக்குக் கேடு குறைவு என்று கூடச் சொல்லலாம்.

கம்பெனிகள் போன பிறகு நிலம் வெகு காலம் புதர் மண்டிக் கிடந்தது. பிறகு தேயிலை வந்தது. 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் அரசு தேயிலைத் திட்டம் ஆரம்பமாகி, 1976-ல் 'டான்டீ' கழகமாயிற்று. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி எல்லாம் அப்படி உருவான தோட்டங்கள்தான். ஜன்ம நிலத்தை ரயத்துவாரியாக்கும் சட்டம் 1969-ல் நிறைவேறி 1974-ல் அமலுக்கு வந்தது. ஆனாலும் வழக்குகளால் பட்டா இல்லாமல் இருந்தவர்கள் ஏராளம். கையிலே பட்டா இல்லை, பாங்கியிலே கடன் இல்லை. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. அப்போது பழைய குழி ஞாபகம் வராமல் இருக்குமா? வேலையும் விலையும் இல்லாத நாளில் ஆட்கள் கயிறும் உளியும் எடுத்துக்கொண்டு அந்தக் குழிகளுக்குள் இறங்குகிறார்கள். மண் சரிந்து மாண்ட சேதி பத்திரிகையில் வருகிறது. அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம் என்று வழக்கும் போடுகிறார்கள். பசியிலே இறங்கினவனை மட்டும் குற்றம் சொல்லி எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துகொண்டாவது முடிவு செய்யட்டும் என்று சொல்கிறேன்.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் கொடுத்த மரமுட்டு இன்றைக்கு மக்கிப்போயிருக்கும். மேலே சிவப்பு மண், மழையில் ஊறினால் களியாகிவிடும். 2019 ஆகஸ்டில் ஊட்டிக்கு அந்தப் பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட மலை இது. அடியிலே காற்றும் கெட்டிருக்கும். விளக்கு அணைகிற இடத்தில் மனுஷன் மூச்சும் நிற்கும். எடுத்த கல்லை வீட்டிலே இடித்து, பாதரசம் சேர்த்து, அடுப்பிலே காய்ச்சுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதைச் சுவாசித்தால் கை நடுங்கும், ஞாபகம் போகும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் பெரிய ஆபத்து. கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போனால் மீனிலே ஏறும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரிலே தொழிற்சாலைப் பாதரசம் மீன் வழியாக ஜனங்களை முடமாக்கியது 1956-ல் வெளியே தெரிந்தது. அந்த ஊர் பெயரிலேயே 2013-ல் உலக ஒப்பந்தம் போட்டு, நம் நாடும் 2018-ல் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இனி, தோட்டத்துக்குள்ளேயோ வேலியோரத்திலேயோ பழைய குழி இருக்கிறவர்களுக்கு. கவாத்து வெட்டின குச்சியையும் தழையையும் போட்டு வாயை மூடிவிடாதீங்க. பார்வைக்குத் தரை மாதிரி இருக்கும். கொழுந்து எடுக்க வருகிற பெண்கள் கால் வைத்தால் உள்ளே போய்விடுவார்கள். மாடு விழும், யானைக்குட்டி விழும். குழியைச் சுற்றி எட்டத்திலே பலமாக வேலி போடுங்கள். மேட்டுப் பக்கத்தில் சமமட்ட வாய்க்கால் எடுத்து, மழைத் தண்ணீரைக் குழிக்குள் இறங்கவிடாமல் பக்கவாட்டில் ஓடைக்குத் திருப்புங்கள். அந்த வாய்க்கால் ஓரத்தில் வெட்டிவேர் நட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பெரிய குழியாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்மாவு கொட்டிக் கிடந்த இடத்தில் தேயிலை தேறாததற்குக் காரணம் இருக்கிறது. அதிலே களி இல்லை, மக்கு இல்லை. தண்ணீர் நிற்காது, போட்ட உரமும் நிற்காது. கந்தகக் கல் கலந்திருந்தால் அது காற்றுப் பட்டுப் புளித்து, மண்ணின் அமிலம் மிதமிஞ்சிப் போகும். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும்தான். கார அமில நிலை நாலரை முதல் ஐந்தரை வரை நல்லது. நாலுக்குக் கீழே போனால் வேர் கருகும். துருநிறத் தண்ணீர் ஊறுகிற இடத்தைச் சந்தேகப்படுங்கள். முதலில் மண் பரிசோதனை. அதிலே சொன்ன அளவுக்கு டோலமைட் போட்டு, பதினெட்டு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை குவாட்டிமாலா புல் வளர்த்து, வெட்டி வெட்டி அங்கேயே மூடாக்காகப் பரப்புங்கள். நடுவே சில்வர் ஓக் கன்று வையுங்கள். அதன் பிறகு தேயிலை நாற்றைக் கொண்டு போனால் பிடிக்கும். இரண்டு வருஷம் வருமானம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஒரே தடவையில் முழு நிலத்தையும் எடுக்காமல், பத்துப் பத்து சென்ட்டாகச் சீர் செய்யுங்கள். பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது குழியோரத்து மண்ணையும் நல்ல மண்ணையும் ஒன்றாகக் கலந்துவிடாமல், தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடம் என்று சீட்டு எழுதி அனுப்புங்கள்.