ஏட்டில் ஏறிய ஜாஸும் ஏறாத எம் இசையும்

ரெக்ஸ்டேல் பகுதியில் வாழும் எமது மக்களுக்கு ஹம்பர் கல்லூரி புதியதன்று. பிஞ்ச் வீதியும் 27ஆம் இலக்க நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தை அண்டியுள்ள அவ்வளாகத்திலே எம்மவர் பிள்ளைகள் பலர் பயின்று தொழிலுக்குச் சென்றுள்ளனர். ஆனால், ஒருகாலத்தில் அங்கே ஜாஸ் இசை முறையாகக் கற்பிக்கப்பட்டதையும், அக்கல்விக்குப் பின்னால் ஓர் ஆசிரிய பரம்பரை இருந்ததையும் அறிந்தோர் சிலரே. இன்று அந்த இசைப்பிரிவு ஒன்ராறியோ ஏரிக்கரையை அண்டிய லேக்‌ஷோர் வளாகத்தில் இயங்குகின்றது. அப்பரம்பரையின் வரலாற்றில் எமக்கும் ஒரு பாடம் உண்டு.

ஜாஸ் என்பது ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் சந்ததியினர் அமெரிக்க மண்ணிலே உருவாக்கிய இசை. ஆரம்பத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஒரு மெட்டை வைத்துக்கொண்டு தத்தம் மனோதர்மப்படி வாசித்தனர். நடன மண்டபங்கள் பெருகி, வாத்தியக்காரரின் தொகையும் பெருகியபோது அம்முறை போதவில்லை. பதினைந்து பேர் ஒரே நேரத்தில் தம் மனம்போல் வாசித்தால் எஞ்சுவது இரைச்சலே. 1920களில் நியூயோர்க் நகரில் பிளெச்சர் ஹென்டர்சனின் குழுவுக்காக டொன் ரெட்மன் என்பவர் இசையை எழுத்தில் அமைத்துக் கொடுத்தார். ஒரு வாத்தியப் பிரிவு கேட்க மற்றப் பிரிவு மறுமொழி கூறுவதுபோன்ற அந்த அமைப்பே பெரிய பாண்ட் இசையின் அடித்தளமாயிற்று. 1930களில் ஹென்டர்சன் எழுதிய ஏடுகளைப் பெற்று வாசித்தே பெனி குட்மன் பெரும் புகழ் ஈட்டினார். எழுதிய கைகள் ஒரு குழுவில், புகழ் மற்றொரு குழுவில். எனினும் இசை அழியவில்லை. ஏடு அதனைக் கடத்திச் சென்றது.

இவ்வாறு எழுதுவது இலகுவான வேலையன்று. வழமையான பெரிய பாண்டில் சக்ஸபோன் ஐந்து, ட்ரம்பெற் நான்கு, ட்ரொம்போன் நான்கு, அவற்றோடு பியானோ, கிற்றார், பேஸ், ட்ரம்ஸ் என ஏறத்தாழப் பதினேழு பேர் இருப்பர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஏடு எழுதப்பட வேண்டும். வாத்தியங்களின் சுருதியும் ஒன்றன்று. ட்ரம்பெற்காரரின் ஏட்டில் உள்ள ஸ்வரம் ஒரு முழுஸ்வரம் தாழ்ந்தே ஒலிக்கும். அல்ரோ சக்ஸபோனின் ஒலி எழுதியதிலும் வெகுவாகத் தாழும். ஆகவே, கேட்கவேண்டிய ஸ்வரம் ஒன்று, எழுதவேண்டிய ஸ்வரம் வேறொன்று. இவ்வளவையும் கணித்து எழுதியபின், நடுவே சில வட்டணைகளைத் தனி வாசிப்புக்காரருக்கு வெறுமையாக விட்டுவைப்பர். கற்பனாஸ்வரத்துக்கு இடம் விடுவதுபோல அங்கே அவர் தம் வித்துவத்தைக் காட்டுவார். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடிய அக்காலத்தில், இவையனைத்தும் அந்த மூன்று நிமிடங்களுக்குள் அடங்கவும் வேண்டும்.

இக்கலை கனடாவில் வேரூன்றிய விதத்தைப் பார்ப்போம். 1928இல் வன்கூவரில் ஆர்தர் டெலமொன்ற் என்பவர் கிற்சிலானோ சிறுவர் பாண்டை ஆரம்பித்தார். அவருடைய மகன் கோர்டன் டெலமொன்ற் ரொறன்ரோவில் குடியேறி, இசையமைப்பு ஆசிரியராகத் திகழ்ந்தார். பெரிய பாண்டுக்கு எழுதும் முறைபற்றி அவர் எழுதிய பாடநூல் 1965இல் வெளிவந்தது. அல்பேர்ட்டாவின் கோல்மன் ஊரில் 1930இல் பிறந்த ரொன் கோலியர், சிறுவனாகத் தந்தையின் பாண்டில் ட்ரொம்போன் வாசித்து, பின்னர் ரொறன்ரோவில் மகனிடம் எழுத்துக்கலை கற்றார். கோர்டனின் இன்னொரு மாணவர் ரொப் மக்கொனல். அவர் 1968இல் ரொறன்ரோவில் அமைத்த 'பொஸ் பிராஸ்' குழு 1984இல் கிராமி விருதையும் வென்றது.

1967 ஜூலையில் உலகப் புகழ்பெற்ற டியூக் எலிங்டன் ரொறன்ரோவுக்கு வந்தார். 1963இல் தம் குழுவோடு கொழும்புக்கும் சென்று வாசித்த அதே மேதைதான். தம் குழுவின் ஒவ்வொரு கலைஞரின் ஒலியையும் மனதிற்கொண்டே இசை எழுதிய அவர், இம்முறை கோலியரின் குழுவோடு அமர்ந்து, கோலியர், கோர்டன் டெலமொன்ற், நோர்மன் சிமன்ட்ஸ் ஆகிய மூன்று கனடியர் எழுதிய ஏடுகளைப் பியானோவில் வாசித்தார். அது ஒலிப்பதிவாகி இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அந்த ரொன் கோலியரே 1970களில் ஹம்பர் கல்லூரியில் இசையமைப்புக் கற்பிக்கத் தொடங்கி, நெடுங்காலம் பல மாணவரை உருவாக்கினார். 2003இல் அவர் காலமானார். ஆயினும், அவர் எழுதியதை இன்றும் எடுத்து வாசிக்கலாம். எலிங்டனோடு சேர்ந்து பதிவு செய்ததை இன்றும் கேட்கலாம்.

எமது இசையின் நிலை என்ன? எழுதும் வழக்கம் எம்மிடம் அறவே இல்லாததன்று. 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கும் குறியீடு அமைத்து ஒரு பெருநூலை அச்சிட்டார். தன்ராஜ் மாஸ்ரரிடம் மேலைத்தேய இசையெழுத்தைக் கற்ற இளையராஜா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைத் தாமே எழுதிக் கொடுத்தார். எனினும் எமது இசையின் பெரும்பகுதி குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்குச் செல்வதாகவே இருந்தது. குருவும் சீடனும் ஒரே ஊரில் வாழும்வரை அதிற் குறையில்லை. ஊரே சிதறியபின் அந்தச் சங்கிலி எங்கே பூட்டப்படும்?

இணுவிலில் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவருடைய வாசிப்பை நேரிற் கேளாத தலைமுறைக்கு இன்று எஞ்சியிருப்பவை ஒலிப்பதிவுகளே. பதிவில் ஏறாத கலைஞர்களோ அவர்களைக் கேட்டவரோடு மறைந்துபோகின்றனர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏடுகளும் எரியும் என்பதைக் கண்டோம். ஆகவே ஒரு பிரதி போதாது, ஓரிடமும் போதாது.

எழுத்து மாத்திரம் இசையாகிவிடாது என்பதும் உண்மையே. ஜாஸின் அசைவையோ எமது கமகத்தின் நெளிவையோ காகிதம் முழுமையாகக் காட்டாது. அதனாலேயே டெலமொன்ற் நூல் எழுதியதோடு நில்லாமல் மாணவரை அருகிருத்திக் கற்பித்தார். கோலியரும் அவ்வாறே செய்தார். ஏடு, ஒலிப்பதிவு, ஆசிரியர் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதே அக்கலை அந்நிய மண்ணில் நிலைத்தது.

ரெக்ஸ்டேலின் மாடிவீடுகளிலே கூத்துப்பாட்டை முழுமையாக அறிந்த பெரியவர் இருக்கலாம். தவிற் சொற்கட்டைத் தொடையிலே தட்டிக் காட்டும் தாத்தா இருக்கலாம். தாலாட்டையும் ஒப்பாரியையும் மறவாத பாட்டி இருக்கலாம். இன்று ஒலிப்பதிவுக் கருவி எல்லோர் சட்டைப்பையிலும் உண்டு. அவர்கள் பாடும்போது பதிவு செய்யுங்கள். சொற்களை எழுதி வையுங்கள். ஒரு பிள்ளையையேனும் அவர்கள் அருகில் அமரச் செய்யுங்கள். அடிமைப்பட்ட மக்களின் இசை ஏட்டில் ஏறி, கடைசியில் எமது தெருமுனைக் கல்லூரிவரை வந்து சேர்ந்தது. எமது இசையை அவ்வாறு கொண்டுசேர்க்க வேண்டியவர் நாமே.