பருத்தியும் இருப்புப்பாதையும்

உழவுத் தொழில் உலகெங்கும் ஒன்றுபோலத் தோன்றினும் அதன் நோக்கத்தால் இருவகைப்படும். தன் வீட்டிற்கும் தன் ஊருக்கும் வேண்டியதை விளைவித்துக்கொள்வது ஒன்று. முகமறியாத ஒருவனுக்கு விற்பதற்கென்றே விளைவிப்பது மற்றொன்று. முன்னதில் உழவனுக்கு மழையைப் பற்றிய கவலை ஒன்றே உண்டு. பின்னதில் மழையோடு விலையும் கவலையாகச் சேர்ந்துகொள்கிறது. மழை பொய்ப்பதை வானத்தை நோக்கி அறியலாம். விலை பொய்ப்பதை எங்கே நோக்கி அறிவது? அது எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு சந்தையில் முடிவு செய்யப்படுகிறது.

இவ்வாணிக உழவு உலகில் எவ்வாறு பரவிற்று என்பதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் குடியிருக்கும் இவ்விதர்ப்ப நாட்டின் கரிசல் மண்ணே அதற்குச் சான்று. நம்மிற் பலருக்குச் சோறிடும் இருப்புப்பாதையும் அந்தக் கதையின் ஒரு பகுதியேயாகும்.

அமெரிக்க நாட்டின் பருத்தி

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் இலங்காஷயர் வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. அவற்றிற்கு வேண்டிய பஞ்சு அந்நாட்டில் விளையாது. 1793-ஆம் ஆண்டில் எலி விட்னி என்பவர் அமெரிக்காவில் பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் பொறியை அமைத்தார். ஓர் ஆள் நாள் முழுதும் உழைத்து ஓர் இராத்தல் பஞ்சு பிரித்த இடத்தில் அப்பொறி 50 இராத்தல் வரை பிரித்தது. இதனால் அடிமைகளின் உழைப்புக் குறையும் என்று எவரேனும் எண்ணியிருப்பின் அவ்வெண்ணம் பொய்த்தது. பஞ்சைப் பிரிப்பது எளிதானவுடன் பயிரிடும் நிலம் பெருகிற்று. நிலம் பெருகப் பெருக அடிமைகளின் தொகையும் பெருகிற்று. 1860-ல் அமெரிக்காவில் விளைந்த பருத்தி ஏறக்குறைய 40 இலட்சம் சிப்பம். அங்கிருந்த அடிமைகளும் ஏறக்குறைய 40 இலட்சம் பேர். இங்கிலாந்து வாங்கிய பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு அவர்கள் கையாற் பறிக்கப்பட்டதே.

ஒரே நாட்டை இவ்வாறு நம்பியிருப்பது இடர் என்று மான்செஸ்டர் வணிகர் முன்னரே அஞ்சினர். இந்தியாவில் பருத்தி விளைகிறது. ஆயின் அது துறைமுகம் வந்து சேர்வதில்லையே என்பது அவர்தம் குறை. குறையில் உண்மையும் இருந்தது. பீரார் நாட்டின் பருத்தி வணிசாரர் என்னும் இலம்பாடிகளின் பொதி மாடுகளின் முதுகில் ஏறி, பல நூறு மைல் நடந்து, கங்கைக் கரையிலுள்ள மிர்சாப்பூரையோ பம்பாயையோ அடைய வேண்டும். வழியெல்லாம் புழுதி, மழை பிடித்துக்கொண்டால் பொதி நனைந்து பாழாகும்.

1853-ஆம் ஆண்டில் மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தானாவிற்கு முதற் பயணிகள் வண்டி ஓடிற்று. அதே மாதத்தில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு எழுதிய புகழ்பெற்ற இருப்புப்பாதைக் குறிப்பில், இந்தியப் பருத்தி துறைமுகத்தை அடையப் பாதை வேண்டும் என்பதையும் ஒரு காரணமாக எடுத்துக் காட்டினார். அடுத்த மாதம் ஐதராபாத் நிஜாமிடமிருந்து பீரார் ஆங்கிலேயர் ஆட்சிக்கு மாறிற்று. மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கின், பாதை எவ்வூரை நோக்கி வரப்போகிறது என்பதை எவரும் ஊகிக்கலாம்.

போரும் பொற்காலமும்

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வடவர் தென்னாட்டுத் துறைமுகங்களை மறித்தனர். பஞ்சு வரவு நின்றது. இலங்காஷயரில் ஆலைகள் மூடப்பட்டன. 1862-ன் இறுதியில் ஏறக்குறைய 5 இலட்சம் மக்கள் பிறர் அளிக்கும் உதவியை நம்பி வாழ்ந்தனர். அதற்குப் 'பருத்திப் பஞ்சம்' என்றே பெயர் வழங்கிற்று. 1860-ல் இராத்தலுக்கு 7 பென்சுக்கு உட்பட்டிருந்த அமெரிக்கப் பருத்தி, 1864-ல் 30 பென்ஸ் வரை ஏறிற்று.

அங்கே பஞ்சம், இங்கே பொற்காலம். இங்கிலாந்து வாங்கிய பஞ்சில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. பம்பாய் நகரில் செல்வம் வெள்ளமாகப் பாய்ந்தது. பிரேம்சந்து ராய்சந்து முதலிய பெருவணிகர் கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளைத் தொடங்கினர். அவற்றின் பங்குகள் கண்மூடித்தனமாக விலையேறின. இன்று பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் நிற்கும் இராஜாபாய் கோபுரம் அப்பெருவணிகர் தம் அன்னையின் பெயரால் அளித்த கொடையேயாகும். சிற்றூர்களிலும் பணம் புழங்கிற்று. வழக்கமாகத் தயங்கும் சவுக்கார்கள் வலிய வந்து முன்பணம் கொடுத்தனர். உழவன் கடன் வாங்கிக் கிணறு வெட்டினான், மாடு பிடித்தான், மகளுக்கு மணம் முடித்தான்.

1865-ல் போர் முடிந்தது. செய்தி வந்ததும் விலை சரிந்தது. ஜூலை முதல் நாளில் பம்பாயில் பங்கு வணிகர் பலர் ஒரே நாளில் நொடித்தனர். பின்னர்ப் பம்பாய் வங்கியே மூடப்பட்டது. ஆயினும் நகரத்தார் வீழ்ச்சி ஒருவகை. சிற்றூரார் வீழ்ச்சி வேறுவகை. விலை இறங்கிற்று, கடன் பத்திரத்தில் எழுதிய தொகை இறங்கவில்லை. அக்காலத்தே நிலவரித் திட்டமும் திருத்தப்பட்டுப் பல வட்டங்களில் வரி பாதிக்கு மேல் உயர்ந்தது.

1875 மே 12-ஆம் நாள் பூனா மாவட்டத்தில் சூபா என்னும் ஊரில் உழவர் திரண்டு சவுக்கார்களின் கடைகளிற் புகுந்தனர். அவர்கள் நாடியது பொன்னையன்று. கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையுமே கேட்டு வாங்கித் தீயிலிட்டனர். கலகம் அகமதுநகர் மாவட்டத்திற்கும் பரவிற்று. அவ்வூர்களில் பருத்தி முதன்மைப் பயிர் அன்று எனச் சில ஆராய்ச்சியாளர் கூறுவர். அது மெய்யே. ஆயினும் பருத்தி விலையை நம்பி விரிந்த கடனும், அது சரிந்தபோது சுருங்கிய கடனும், பருத்தி விளையாத ஊரையும் தாக்கின என்பதே நாம் கருதத்தக்கது. 1879-ல் அரசாங்கம் தக்கண உழவர் துயர் நீக்கச் சட்டத்தை இயற்றிற்று. பத்திரத்தில் எழுதியுள்ளதை மட்டும் நோக்காது, கடன் வளர்ந்த வரலாற்றையும் ஆராயும் உரிமை நீதிமன்றங்களுக்குக் கிடைத்தது.

பிற நாடுகளிலும் இதுவே கதி

எகிப்து நாட்டிலும் போர்க்கால விலையை நம்பிப் பருத்தி பெருகிற்று. அந்நாட்டு மன்னர் வருவாயை நம்பி ஐரோப்பியரிடம் பெருங்கடன் வாங்கினார். 1876-ல் கடனை அடைக்க இயலாது போகவே, அயல்நாட்டார் கருவூலத்தை மேற்பார்க்க வந்தனர். 1882-ல் பிரிட்டிஷ் படை நாட்டையே கைக்கொண்டது. அமெரிக்காவில் அடிமைகள் விடுதலை பெற்றனர், நிலம் பெறவில்லை. வாரத்திற்கு உழுது, கடைக்காரனிடம் கடனுக்கு உணவு வாங்கி, விளையும் பருத்தியை அவனுக்கே ஈடாக எழுதிக் கொடுத்தனர். பருத்தியல்லாத பயிரை ஈடாகக் கொள்ளக் கடைக்காரன் இசையான். ஆகவே தம் உணவுக்கான சோளத்தைக்கூடக் குறைத்துப் பருத்தியையே விதைத்தனர். மூன்று கண்டங்கள், மூன்று மொழிகள். ஆயின் பத்திரத்தின் வாசகம் ஒன்றே.

பாதை வந்தபின்

போர் நடந்தபோது நம் பகுதிக்குப் பாதை முழுதும் வந்து சேரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் போர்க் கணவாய்ப் பாதை 1863-லும் தால் கணவாய்ப் பாதை 1865-லும் திறக்கப்பட்டன. 1867-ல் வண்டி நாகபுரியை அடைந்தது. 1870-ல் மேயோ பிரபு காம்காவ் கிளைப் பாதையைத் திறந்து வைத்தார். அவ்வூர்ப் பருத்திச் சந்தைக்கென்றே அமைந்த பாதை அது. அரைவை ஆலைகளும், பஞ்சை இறுக்கிச் சிப்பமாக்கும் ஆலைகளும் நிலையங்களை ஒட்டி எழுந்தன. 1869-ல் சூயஸ் கால்வாயும், 1870-ல் கடலடித் தந்தியும் வந்தன. லிவர்ப்பூலில் காலையிற் கூறிய விலை அகோலாச் சந்தையில் விரைவிலேயே தெரிந்தது. ஆயின் அறிந்தவன் வணிகன், உழவன் அல்லன்.

நம் தாயகத்திலும் இதே போக்கைக் காணலாம். 1876-ல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டிற்று. அத்துறையிலிருந்து சென்ற கரிசற் பருத்திக்குத் 'திருநெல்வேலி' என்பதே அயல்நாட்டுச் சந்தையில் வழங்கிய பெயர்.

சரக்கு அலுவலகத்தில் எழுத்தராயிருப்பவன் என்னும் முறையில் ஒன்று கூற விரும்புகின்றேன். இரயில் ரசீதில் அனுப்புநர் பெயர் உண்டு, பெறுநர் பெயர் உண்டு, எடை உண்டு, கட்டணம் உண்டு. விளைவித்தவன் பெயருக்கு அதில் இடமில்லை. இது எவர் குற்றமுமன்று. சிப்பமாகக் கட்டியபின் பத்து ஊர்ப் பஞ்சும் ஒன்றே. ஆனால் வாணிக உழவின் இயல்பு முழுதும் அச்சிறு தாளில் அடங்கியிருக்கிறது. பொருள் நெடுந்தொலைவு செல்லச் செல்ல விளைத்தவன் மறைகிறான்.

பாதையால் நன்மை இல்லையா? உண்டு. 1877-ல் ஜம்ஷெட்ஜி டாட்டா நாகபுரியில் எம்பிரஸ் ஆலையைத் தொடங்கினார். நம் பஞ்சு நம் நாட்டிலேயே துணியாயிற்று. பல்லாயிரவர் பிழைத்தனர். ஆயினும் சோளம் விளைந்த நிலத்தில் பருத்தி ஏறிற்று. 1899-1900-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் பீராரும் கடுமையாக வருந்திற்று. பருத்தி பட்டுப்போனால் கையிற் காசில்லை; காசில்லாதவனுக்கு வண்டியில் வந்திறங்கும் தானியமும் எட்டாக்கனியே. யவத்மால், மூர்த்திஜாபூர், அச்சல்பூர் ஊர்களை இணைத்த குறுகிய பாதையும் பருத்திக்காகவே போடப்பட்டது. அதில் 1994 வரை இழுத்த நீராவி எஞ்சின் மான்செஸ்டரிற் செய்யப்பட்டது என்பது சிந்தனைக்குரியது.

இன்றைய நிலை

விடுதலைக்குப் பின் 1970-ல் இந்தியப் பருத்திக் கழகம் தோன்றியது. அரசாங்கம் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2002-ல் மரபணு மாற்றிய பருத்தி வந்தது. முதலில் காய்ப்புழு அடங்கிற்று, பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிக்கொண்டது. இவ்வட்டாரத்துப் பருத்தி பெரும்பாலும் வானம் பார்த்த பயிர். விதை, உரம், மருந்து யாவும் கடனுக்கு வாங்குவன. 1990-களின் பிற்பகுதியிலிருந்து விதர்ப்ப உழவர் பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். 2006-ல் பிரதமரே நேரில் வந்து உதவித் திட்டம் அறிவிக்க நேர்ந்தது. 1875-ல் எரிந்தது பத்திரம். இக்காலத்தில் அழிவது மனிதன்.

விற்பதற்காக விளைவிப்பது தீது என்று நான் கூறவில்லை. விலை ஏறும்போது ஊதியம் பலருக்குப் பங்காகிறது. இறங்கும்போது இழப்பு ஒருவன் தலையிலேயே விழுகிறது. அதைப் பகிர்ந்துகொள்ளும் வழியைக் கண்ட நாடே வாணிக உழவால் வாழும் நாடாகும்.

நம் காலனிப் பிள்ளைகள் மராத்தியைத் தாய்மொழிபோற் பேசுகின்றனர். அவர்களோடு படிக்கும் மாணவர் பலர் பருத்தி உழவர் வீட்டுப் பிள்ளைகள். விடுமுறையில் அவ்வூர்களுக்குச் சென்று, பாட்டன் காலத்தில் எந்த வயலில் எது விளைந்தது, எந்த ஆண்டில் எவ்வளவு கடன் வாங்கினர், எவ்வாறு அடைத்தனர் என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதி வருவார்களாயின், அடுத்த ஆண்டு மலரில் அதற்கு இடமளிக்குமாறு சங்கத்தாரை வேண்டுவேன். இரயில் ரசீதில் இடம்பெறாத பெயர்கள் நம் மலரிலேனும் இடம்பெறட்டும்.