எம்.டி. 90-இன் முன் போர்க்: டேவிட் ஜோன்ஸின் வாதத்துக்கு வன்னியிலிருந்து ஒரு மறுப்பு

இருசக்கர வாகனம் ஏன் விழாமல் ஓடுகிறது என்று கேட்டால் இன்றும் பலர் டேவிட் ஜோன்ஸைத்தான் காட்டுவார்கள். 1970 ஏப்ரலில் 'பிசிக்ஸ் டுடே' இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை படிக்கவும் சுவையானது. ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்துவிட வேண்டுமென்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டு நின்றார். முன்சில்லுக்குப் பக்கத்தில், நிலத்தில் படாதபடி இன்னொரு சில்லைப் பூட்டி, அதை எதிர்ப்புறமாகச் சுழற்றி, பம்பர விசையை அழித்தார். ஆளில்லாமல் விட்டபோது அந்தச் சைக்கிள் உடனே விழுந்தது. ஏறி ஓட்டியபோதோ சிரமமின்றி ஓடியது. அடுத்து போர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி, ட்ரெயில் எனப்படும் முன்பக்க அளவைக் கூட்டினார். ஆளில்லாமலே அது வெகுதூரம் ஓடியது. கடைசியாக முன்சில்லை முன்னே தள்ளி ட்ரெயிலை இல்லாமலாக்கியபோதுதான் அவருக்கு வேண்டிய அடங்காத சைக்கிள் கிடைத்தது.

கழுத்துக் குழாயின் கோட்டை நிலம்வரை நீட்டினால், ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது தொடும். இந்த இடைவெளிதான் ட்ரெயில். வண்டியின் உறுதி முன்பக்க வடிவக்கணக்கில், குறிப்பாக இந்த ட்ரெயிலில், தங்கியிருக்கிறது என்பது ஜோன்ஸின் முடிவு. மோட்டார் சைக்கிள் வரலாறு எழுதியவர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. இணைப்புத் தண்டுகளில் ஆடும் கேர்டர் போர்க் போய், குழாய்க்குள் குழாய் நழுவும் டெலஸ்கோபிக் போர்க் வந்தது, வண்டி திருந்தியது என்ற கதைக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

அந்தக் கதையின் தொடக்கமே இன்னும் தீர்ந்த விடயமாக இல்லை. 1908-இன் ஸ்கொட் வண்டியைச் சிலர் முதலாவது என்பர். டென்மார்க்கின் நிம்பஸை (1934) சிலர் சொல்வர். எண்ணெயால் அதிர்வை அடக்கும் போர்க்கையே கணக்கிலெடுக்க வேண்டும் என்போர் 1935-இன் பி.எம்.டபிள்யூவில் நிற்பர். டெலஸ்கோபிக் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆண்டும் மாறும். இதைவிட முக்கியமானது, வரலாறு ஒரே திசையில் போகவில்லை என்பது. அதே பி.எம்.டபிள்யூ 1955-இல் டெலஸ்கோபிக்கைக் கைவிட்டு, ஏர்ல்ஸ் போர்க் எனும் இணைப்புக்கை வகைக்கு மாறி, 1969 வரை அதில் இருந்தது.

இலங்கையின் வன்னிக்குப் பழக்கமான சான்று ஹொண்டாவில் இருக்கிறது. 1958-இல் வந்த சுப்பர் கப்பின் முன்பக்கத்தில் நீள்குழாய்கள் இல்லை. தகட்டால் அடித்த போர்க்கின் அடியில் இரு குட்டைக் கைகள் முன்னோக்கி நீள, அவற்றின் நுனியில் அச்சு இருக்கும். சொக் இரண்டும் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும். முன்பிறேக்கை அழுத்தினால் வண்டியின் மூக்கு தாழ்வதற்குப் பதிலாக மேலெழும். பிறேக் தட்டின் திருகுவிசை அந்தக் கைகள் வழியாகப் போவதே காரணம். ஜப்பானிய அஞ்சல் சேவைக்கென ஹொண்டா செய்த சிவப்பு எம்.டி. 90 இதே குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் முன்னால் டெலஸ்கோபிக் போர்க், 17 அங்குலச் சில்லுக்குப் பதில் 14 அங்குலச் சில்லு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் 'எம்.டி. நைன்ரி' என்றால் விளக்கம் தேவைப்படாத காலம் ஒன்றிருந்தது.

இந்த மாறுபாட்டை ஜோன்ஸின் அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லு 3 அங்குலம் சிறுத்தால் ஆரம் ஏறத்தாழ 38 மில்லிமீற்றர் குறையும். கழுத்துச் சாய்வு 27 பாகை என்று கொண்டு, மற்றதெல்லாம் மாறாமலிருந்தால், ட்ரெயில் சுமார் 19 மில்லிமீற்றர் சுருங்கும். கப் போன்ற வண்டியின் ட்ரெயிலே 75 மில்லிமீற்றரை ஒட்டியது. அதில் கால்வாசி போய்விடும். சில்லு சிறுத்ததால் பம்பர விசையும் குறையும். போர்க் குழாய்களைக் கழுத்துக் கோட்டுக்கு நெருக்கி வைத்து இந்த இழப்பை ஈடுசெய்ய முடியும், ஹொண்டா அப்படிச் செய்தும் இருக்கலாம். ஆகவே இந்தக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால், நாள் முழுக்க ஏறி இறங்கி, பாரம் சுமந்து, மெதுவாக ஓடவேண்டிய வண்டிக்கு வடிவமைப்பாளர்கள் பெரிய சில்லைத் தேடவில்லை. பாரத்தைத் தாழ்த்தும் சிறிய சில்லையே தேர்ந்தார்கள். பாரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி அவர்களுக்கு முதலில் வந்திருக்கிறது. ஜோன்ஸின் முடிவில் அது இடம்பெறவில்லை.

வன்னியில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 1990-களில் எரிபொருளும் பற்றரியும் அரசின் போர்க்காலத் தடைப்பட்டியலில் இருந்தன. ஓடிய வண்டி ஓடியவரை சுமந்தது. வன்னியூடாகச் செல்லும் A9 வீதி 2002-இல் திறந்து 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடியது. அந்த வீதியை விட்டிறங்கினால் கிரவல், மணல், குளக்கட்டு. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன்பெட்டியோடும், கிளிநொச்சி வயலிலிருந்து நெல்மூட்டையோடும் வரும் வண்டியில் பாரம் பின் கரியரில், பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. பின் சொக் 40 மில்லிமீற்றர் அமுங்கினால், 1,200 மில்லிமீற்றர் அச்சிடைவெளியுள்ள வண்டியின் கழுத்து ஏறத்தாழ 2 பாகை மேலும் சாயும். ட்ரெயில் 10 மில்லிமீற்றரளவு கூடும். ஜோன்ஸின்படி வண்டி முன்னைவிட உறுதியாக ஓடவேண்டும். மூட்டை ஏற்றி ஓட்டிய எவரும் இதை ஒப்பமாட்டார்கள். முன்சில்லு லேசாகி, வண்டி இடுப்பை ஆட்டத் தொடங்கும்.

இந்த ஆட்டத்துக்கு 1971-இலேயே கணிதம் கிடைத்துவிட்டது. ஆய்வாளர் ரொபின் ஷார்ப் ஆட்டங்களைப் பிரித்துக் காட்டினார்: ஹாண்டில் மட்டும் படபடவென்று நொடிக்கு ஏழெட்டுத் தடவை அடிப்பது ஒன்று, முழு வண்டியும் நொடிக்கு இரண்டு முதல் நான்கு தடவை வளைந்து நெளிவது இன்னொன்று. பின்பாரம் வளர்ப்பது இரண்டாவதை. 2011-இல் டெல்ஃப்ட், கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஜோன்ஸின் அடித்தளத்தையே அசைத்தார்கள். பம்பர விசையை அழித்து, ட்ரெயிலையும் 4 மில்லிமீற்றர் எதிர்மறையாக்கிய ஒரு சிறு வண்டி ஆளில்லாமல் நிமிர்ந்து ஓடியது. முன்பகுதியின் எடை கழுத்துக் கோட்டுக்கு முன்னால், தாழ்வாக இருந்ததே அங்கு பெரிதும் உதவியது. ட்ரெயில் வீண் என்று இதற்குப் பொருளில்லை. அது பல காரணங்களில் ஒன்று, அவ்வளவுதான். ஜோன்ஸ் சைக்கிளை ஆராய்ந்தார், பாரவண்டியை அல்ல என்று அவருக்காகப் பேசலாம். அவர் முடிவை மோட்டார் சைக்கிளுக்குத் தூக்கிவந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே வண்டியைத் திருத்துவதென்றால் வேலை பின்னாலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பின் சொக்கின் ஸ்பிரிங் இறுக்கத்தைப் பாரத்துக்கேற்பக் கூட்டுதல், பின் ரயர்க் காற்று, ஸ்விங் ஆர்ம் புஷ் ஆகியவை முதலில். கப் வகை வண்டிக்கு இருக்கைக்கு முன்னால் வெற்றிடம் உண்டு. மூட்டையில் ஒரு பங்கை அங்கே வைத்தாலே நெளிவு அடங்கும். ஹாண்டில் படபடப்பு இருந்தால் மட்டும் கழுத்துப் பெயாரிங், முன் ரயர், போர்க் எண்ணெய் என்று முன்னே வரலாம்.

தோற்றுப்போனதாகச் சொல்லப்படும் குட்டைக் கை போர்க்கை ஜப்பான் சந்தையின் 50 சிசி கப்பில் ஹொண்டா 2012 வரை வைத்திருந்தது. மாறாக, முன்னாலிருந்து தொடங்கி எம்.டி. 90-க்குப் பருத்த இந்தியப் போர்க்கும் 17 அங்குலச் சில்லும் பூட்டினால் பார்வைக்கு நன்றாயிருக்கும். முன்பக்கம் உயரும், கழுத்து சாயும், ட்ரெயில் கூடும். குளக்கட்டில் மெதுவாகத் திருப்பும்போது ஹாண்டில் தானாகவே உள்ளே சரியும். பின்னால் மூட்டை இருந்தால் இன்னும் கூடச் சரியும்.