மறுமுனையில் இருப்பவர்: இந்தியக் கல்லூரிகளின் தொழில்நுட்பக் கூட்டுறவு வரலாறு

இந்தியக் கல்லூரிகள் கைகோத்து நடத்திய கல்வித் தொழில்நுட்ப முயற்சிகளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 1960-களில் கணிப்பொறி வந்தது, 1970-களில் செயற்கைக்கோள், 1980-களில் வண்ணத் தொலைக்காட்சி, அதன் பிறகு இணையம் என்று வரிசை நீளும். வரிசையில் பிழை இல்லை. ஆனால், ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே நோக்கத்தோடு தொடங்கிய கூட்டுமுயற்சிகளில் ஒன்று வேர்பிடித்ததும் இன்னொன்று தடமில்லாமல் தேய்ந்ததும் ஏன் என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்காது. விடையை வேறிடத்தில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். பாடத்தை அனுப்பும் நிறுவனம் எவ்வளவு பெரியது, கருவி எவ்வளவு புதியது என்பவை இரண்டாம் நிலைக் காரணங்களே. பெறுகிற கல்லூரியில் அதற்குப் பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் இருந்தாரா, அவருக்குத் திட்டமான வேலை தரப்பட்டதா, மாணவரின் உழைப்பு அவருடைய சொந்தக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் ஏறியதா ஆகிய மூன்றுமே கூட்டுறவின் ஆயுளைத் தீர்மானித்திருக்கின்றன.

முதல் சான்று கான்பூரில் கிடைக்கிறது. 1962 முதல் 1972 வரை நடந்த கான்பூர் இந்திய அமெரிக்கத் திட்டத்தில் எம்ஐடி, கால்டெக், பிரின்ஸ்டன், பெர்க்லி, பர்டியூ உள்ளிட்ட 9 அமெரிக்க நிறுவனங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து கான்பூர் ஐஐடிக்குத் துணைநின்றன. 1963-இல் ஐபிஎம் 1620 கணிப்பொறி அங்கே வந்து இறங்கியது. அக்கணிப்பொறியைப் பற்றிப் பேசும்போது அதனுடன் வந்த ஏற்பாட்டை மறந்துவிடக் கூடாது. அமெரிக்கப் பேராசிரியர்கள் கான்பூரில் தங்கிக் கற்பித்தார்கள்; எச். கே. கேசவன், வி. ராஜாராமன் போன்ற இந்திய ஆசிரியர்கள் அவர்களோடு தோளோடு தோள் நின்று பாடத்திட்டத்தை வகுத்தார்கள். கணிப்பொறி நிரலாக்கம் மாணவர்களின் பாடமாயிற்று; வெளி நிறுவனங்களின் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் குறுகிய காலப் பயிற்சிக்குக் கான்பூர் வந்துபோனார்கள். நிரலாக்கம் பற்றி ராஜாராமன் எழுதிய பாடநூல் 1969-இல் வெளிவந்து, கணிப்பொறியையே பார்த்திராத கல்லூரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கருவியைத் தந்தவர்கள் 1972-இல் விலகிய பிறகும் கணினிக் கல்வி அங்கே தளராததற்குக் காரணம், பெற்றவர்கள் அதற்குள் கற்பிப்பவர்களாக மாறியிருந்தார்கள் என்பதே. 1986-இல் மின்னணுவியல் துறை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய எர்நெட் வலையமைப்பிலும் இதே அமைப்பைக் காணலாம். சென்னை உள்ளிட்ட 5 ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுவியல் துறை ஆகிய 8 உறுப்பினர்களும் தத்தம் வளாகத்தில் தனிக் குழு வைத்து ஆய்வில் பங்கெடுத்தார்கள். வெறுமனே பெற்றுக்கொள்ளும் உறுப்பினர் என்று யாரும் இல்லை.

ஒளிபரப்பின் கதை இதற்கு நேர்மாறு. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக 2400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அந்தச் சோதனை தந்த துணிவில், பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 அன்று ‘நாடு தழுவிய வகுப்பறை’யைத் தூர்தர்ஷனில் தொடங்கியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் காணொளித் தயாரிப்பு மையங்கள் உருவாயின. அவற்றை ஒருங்கிணைக்க 1993-இல் கல்வித் தொடர்புக்கான கூட்டமைப்பு ஏற்பட்டது. அதாவது, தயாரிக்கும் இடங்களுக்குள் கூட்டுறவு இருந்தது. பார்க்கும் கல்லூரியோ அந்தக் கூட்டில் எந்த வகையிலும் உறுப்பினர் இல்லை. நிகழ்ச்சி எந்தப் பருவத்தின் எந்தப் பாடத்துக்குரியது என்று கல்லூரியின் கால அட்டவணைக்குத் தெரியாது. பார்த்த மாணவருக்கு அதனால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. 2004 செப்டம்பர் 20-இல் ஏவப்பட்ட எஜுசாட், கல்விக்கென்றே இந்தியா ஏவிய முதல் செயற்கைக்கோள். கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதன் முன்னோடித் திட்டங்களில் ஒன்றை ஏற்று, இணைப்புப் பொறியியல் கல்லூரிகளுக்கு நேரலைப் பாடங்களை அனுப்பியது. வானில் இருந்த பகுதி சரியாகவே இயங்கியது. தரையில் இருந்த பகுதிதான் தடுமாறியது. தரைநிலைய வலையமைப்பை அமைப்பதிலும் பாடங்களை உருவாக்குவதிலும் நிர்வாகத்திலும் இருந்த குறைகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2013 அறிக்கை எடுத்துக்காட்டியது. செயற்கைக்கோளோ 2010-லேயே பணிமுடித்துவிட்டது.

இந்த வாதத்துக்கு விதிவிலக்குப்போல் தோன்றும் ஒரு துறை நூலகம். 1991-இல் தொடங்கிய இன்ஃபிலிப்நெட், 2003-இல் ஐஐடிகளையும் பிற தொழில்நுட்ப நிறுவனங்களையும் இணைத்த இண்டெஸ்ட், அதன் பிறகு சாதாரணக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் மின்னிதழ்களைத் திறந்துவிட்ட என்-லிஸ்ட் என இவையெல்லாம் கூட்டாக விலைபேசி, தனித்தனியே எந்தக் கல்லூரியாலும் வாங்க முடியாத ஆய்விதழ்களைப் பெற்றுத்தந்தன. புதிதாக யாரையும் நியமிக்காமலே இவை நிலைத்தது எப்படி என்று கேட்கலாம். மறுமுனையில் ஆள் ஏற்கனவே இருந்தார் என்பதே விடை. எல்லாக் கல்லூரியிலும் நூலகர் என்ற பதவி உண்டு. இதழ்களைத் தருவித்து, வகைப்படுத்தி, வாசகர் கையில் சேர்ப்பதே அவருடைய வேலை. காகிதம் திரையானது, வேலை மாறவில்லை. விதிவிலக்கென்று தோன்றியது விதிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

இந்த வாதம் மிகத் தெளிவாகத் துலங்குவது என்பிடெல் வரலாற்றில். தொழில்நுட்பக் கற்றலை மேம்படுத்தும் இத்தேசியத் திட்டத்தின் வித்து, 1999-இல் சென்னை ஐஐடியில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் பால் குட்மன் பங்கேற்ற உரையாடல்களில் விழுந்தது. 1990-களில் தென்மாநிலங்களில் தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகிய வேகத்துக்குத் தகுதியுள்ள ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. ஐஐடிகளின் வகுப்புகளையே காணொளியாகவும் இணையப் பாடமாகவும் அந்தக் கல்லூரிகளுக்குத் தரலாம் என்பது திட்டம். 2003-இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 20.5 கோடி ரூபாய் ஒதுக்க, 7 ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் கூட்டாகப் பணியில் இறங்கின. அப்போது சென்னை ஐஐடியின் இயக்குநராக இருந்த எம். எஸ். ஆனந்த் இதை முன்னின்று நடத்தினார். போட்டி நிறுவனங்களாகவே அறியப்பட்டவை, பாடங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு ஒரே தொகுப்பாக வெளியிட்டது சாதாரணமான செயல் அல்ல. ஆனால் முதல் 10 ஆண்டுகளில் அது தயாரிப்பாளர்களின் கூட்டுறவாகவே இருந்தது. காணொளிகள் தூர்தர்ஷனின் ஏகலைவ்யா அலைவரிசையில் ஓடின. குறுந்தகடுகளாகவும் வன்தட்டுகளாகவும் கல்லூரி நூலகங்களுக்குப் போயின. பின்னர் யூடியூபில் ஏறின. ஆர்வமுள்ள மாணவர் தேடிப் பார்த்தார், நிறையவே கற்றார். அவருடைய கல்லூரிக்கு அது தெரியவே தெரியாது.

2014-இல் தொடங்கிய சான்றிதழ்ப் படிப்புகள் இந்த உறவை மாற்றின. பாடங்கள் 4, 8 அல்லது 12 வாரங்களாகப் பிரிக்கப்பட்டன, வாரந்தோறும் ஒப்படைப்பு, முடிவில் கண்காணிப்பாளர் முன்னிலையில் நேரில் அமர்ந்து எழுதும் தேர்வு. ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பங்கிடப்பட்டது. இதைவிடவும் முக்கியமானது ‘உள்ளூர் மையம்’ என்ற ஏற்பாடு. சேர விரும்பும் கல்லூரி தன் ஆசிரியர் ஒருவரைத் தொடர்பாளராக அறிவிக்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் வழிகாட்டிகளாகப் பதிவுசெய்து, தம் மாணவர்களில் யார் எந்த வாரம் பின்தங்கினார்கள் என்று பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஒழுங்குமுறை இதற்குச் சட்ட வலு சேர்த்தது. ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை, என்பிடெல் படிப்புகளும் இடம்பெறும் அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் படித்து மதிப்பலகு பெறலாம் என்றது. 2021-இல் இது 40 விழுக்காடானது. அந்த ஒழுங்குமுறையில் அதிகம் பேசப்படாத இன்னொரு விதி உண்டு: மாணவரின் தாய்க் கல்லூரி, படிப்பு முழுவதும் துணைநிற்க ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்தாக வேண்டும், ஆய்வக வசதியும் செய்துதர வேண்டும். விழுக்காட்டைவிட இந்த விதியையே நான் பெரிதாக மதிக்கிறேன். மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும் என்பதை ஒழுங்குமுறையே ஒப்புக்கொண்ட இடம் அது.

பம்பாய் ஐஐடியின் இரு முயற்சிகள் இதே பாடத்தை வேறு வழியில் கண்டடைந்தன. தீபக் பாடக் முன்னின்று நடத்திய ஆசிரியர் பயிலரங்குகளில் ஆயிரக்கணக்கான கல்லூரி ஆசிரியர்கள் தத்தம் பகுதியின் தொலைமையங்களில் கூடினர். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ-வியூ மென்பொருள் வழியே விரிவுரை நேரலையாக வந்தது. ஆனால் செய்முறைப் பயிற்சி திரையில் நடக்கவில்லை; மையத்தின் ஒருங்கிணைப்பாளரே அதை நடத்தினார். அவருக்கு முன்கூட்டியே தனிப் பயிற்சி தரப்பட்டிருந்தது. கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய ஸ்போக்கன் டுடோரியல் இன்னும் நுட்பமானது. கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் சிறு காணொளிகள் அவை. அவற்றின் உரை, பதிவுசெய்யப்படும் முன்பு அத்துறையை அறியாத ஒரு புதியவரிடம் கொடுத்துச் சோதிக்கப்படும். அவர் தடுக்கிய இடம் திருத்தப்படும். திரைக்காட்சி ஆங்கிலத்திலேயே இருக்க, பேச்சு மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மாற்றப்படும். கற்பவரின் தடுமாற்றத்தை உற்பத்தியின் ஒரு கட்டமாகவே சேர்த்துக்கொண்ட ஏற்பாடு இது. ஐஐடிகளின் பெயரால் நடந்த மற்ற பல திட்டங்களில் இந்த அடக்கம் இல்லை.

இவ்வளவுக்கும் காரணம் இணையம் மலிவானதே என்று ஒருவர் வாதிடலாம். 2016 செப்டம்பருக்குப் பிறகு கைபேசித் தரவின் விலை சரிந்ததும், அதற்கு முன் 2010-இல் 5990 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு பல்கலைக்கழகங்களை அதிவேக இழைகளால் இணைத்ததும் உண்மை. அவை இல்லாமல் இன்றைய அளவுக்குப் பரவல் சாத்தியமில்லை. ஆயினும் பரவல் வேறு, வேரூன்றல் வேறு. எஜுசாட்டில் அலைவரிசைக்குக் கல்லூரி காசு கொடுக்கவில்லை. அனுப்பும் செலவு பெறுபவரின் தலையில் விழாத நிலையிலும் அது தடுமாறியது. உள்ளூர் மையம் என்ற ஏற்பாடோ தரவு மலிவாவதற்கு முன்பே வகுக்கப்பட்டுவிட்டது. மலிவான இணையம் ஏற்கனவே இருந்த கட்டமைப்பைப் பெருக்கியது, அதை உண்டாக்கவில்லை. இன்னொரு மறுப்பு, மாணவர்கள் சான்றிதழுக்காகவே சேர்கிறார்கள், ஆசிரியர்களும் இப்படிப்புகள் பணி மேம்பாட்டுப் பயிற்சியாகக் கணக்கில் கொள்ளப்படுவதால்தான் எழுதுகிறார்கள் என்பது. இருக்கலாம். ஆனால் நம் கல்லூரிகளில் எந்தப் பாடம் மதிப்பெண் இல்லாமல் படிக்கப்படுகிறது? மதிப்பெண் என்பது மாணவரின் நேரத்தைக் கல்லூரி அங்கீகரிக்கும் முறை. அந்த அங்கீகாரத்தை வெளியிலிருந்து வந்த பாடத்துக்கும் தருவதே கூட்டுறவின் அடிப்படை.

மூன்றாவது மறுப்பு கடினமானது. அதை நான் முழுவதும் தள்ளவில்லை. இது கூட்டுறவே அல்ல, படிநிலை என்கிறது அது. ஐஐடி பேசும், மாவட்டத்துக் கல்லூரி கேட்கும். வழிகாட்டியாகப் பதிவுசெய்த ஆசிரியர் மாணவரைப் பின்தொடரலாமே தவிரப் பாடத்தில் ஒரு வரியை மாற்ற முடியாது. இது உண்மைதான். கான்பூரிலும் எர்நெட்டிலும் பெற்றவர்கள் படைப்பவர்களானதுபோல் என்பிடெலின் உள்ளூர் மையங்களில் நடக்கவில்லை. ஒருங்கிணைப்பாளரின் உழைப்பு கால அட்டவணையில் இடம்பெறாத கல்லூரிகளில், அது அவருடைய 16 மணி நேர வகுப்புகளுக்கு மேல் வந்து விழும் கூடுதல் சுமையாகவே நிற்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பு, மாணவரை நேரடியாகவே சேர்த்துக்கொள்கிறது. வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே அதில் சேர்ந்தவரின் சொந்தக் கல்லூரி மறுபடியும் அந்த உறவுக்கு வெளியே நிற்கிறது. எனினும் படிநிலையைத் தளர்த்தும் ஒரு வாய்ப்பு இப்போது மொழியின் வழியே வந்திருக்கிறது. என்பிடெல் பாடங்களின் எழுத்துவடிவம் தமிழிலும் தரப்படுகிறது. இயந்திரம் தரும் வரைவைச் சரிபார்க்க அத்துறையையும் தமிழையும் ஒருங்கே அறிந்தவர் வேண்டும். ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லை எந்திரவியல் மாணவருக்குத் ‘தகைவு’ என்றும் உளவியல் மாணவருக்கு ‘மன அழுத்தம்’ என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த வேறுபாட்டில் மாணவர் எங்கே இடறுவார் என்று, தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு ஆண்டுதோறும் முதல் பருவத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியருக்குத் தெரியும். அவர் இருப்பது பாடம் பெறும் கல்லூரியில்.